மூன்று மழைக்காலம் மயில் விரட்டினேன்

எங்கள் வீட்டுக்கு வெளியூர்க்காரர்கள் யார் வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மொபைலை எடுத்துவிடுவார்கள். மகளின் மாமியார் முதன்முதலாக வந்தபோதும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டிமேல் ஒன்று, முருங்கை மரத்தடியில் நாலு, களத்தில் ஏழெட்டு என்று மயில்கள் நின்றுகொண்டிருந்தன. அந்த அம்மாள் வாசலிலேயே நின்று அரை மணி நேரம் படம் எடுத்தார்.

"குடுத்து வச்சவுக நீங்க. நாங்கல்லாம் இதப் பாக்க டிக்கெட் எடுத்துப் போகணும்" என்றார்.

நான் காப்பித் தம்ளரை நீட்டியபடி நின்றேன். சிரித்தேனா என்று நினைவில்லை. அன்று காலையில்தான் எங்கள் கொத்தமல்லிச் செடிகளில் பாதியை அவை மேய்ந்து முடித்திருந்தன.

இப்போது யார் அப்படிச் சொன்னாலும் நான் பதில் சொல்வதில்லை. ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். எழுதிவைத்துவிட்டால் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

பரளச்சிக்குப் பக்கத்தில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, எங்கள் புஞ்சைக்குள்ளேயே வீடு. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது ஊருக்குள் இருந்த வீடு தம்பிக்குப் போனது. எங்களுக்கு நிலம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. சண்டை ஒன்றும் இல்லை. அண்ணன் தம்பி இருவர் நிலமும் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பால்வாடி டீச்சர். புஞ்சையின் ஓரத்தில் இரண்டு அறை வைத்து ஒரு காங்கிரீட் வீடு கட்டி, பக்கத்தில் சிமெண்டுத் தகடு போட்ட தொழுவமும் போட்டுக்கொண்டு குடிவந்தோம்.

அப்போது பறவை என்பது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. இருந்தன, அவ்வளவுதான். தொழுவத்துத் தகட்டு இடுக்கில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டின. மாடு மேயும் இடத்தில் அதன் காலடியிலேயே வெள்ளைக் கொக்குகள் நடந்தன. வேம்பில் ஒரு ஜோடி காக்கை. விடிகிற நேரத்தில் ஓடைக்கரைக் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து கவுதாரிகள் ஒன்றோடொன்று வாய்ச்சண்டை போடுவது போலக் கத்தும். நான் அதைக் கேட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். கவுதாரிக்காகக் காது கொடுத்ததில்லை, கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரிதான்.

மயில் அப்போது ஒரே ஒரு சேவலும் இரண்டு பெட்டையும். ஓடையைத் தாண்டி எப்போதாவது வரும். வந்தால் என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தா, அவுக வந்துட்டாக" என்பார். முருகனுடைய வாகனத்தை 'அது' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நான் ஒரு கைப்பிடி கம்புத் தானியத்தை எடுத்துப்போய்க் களத்தில் போடுவேன். கோடையில் ஒரு மண்சட்டியில் தண்ணீரும் வைத்தேன். அதை மறைக்கவில்லை.

பிறகு அவருக்கு முதுகுத்தண்டில் வலி வந்தது. ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனிந்து தொழுவத்தில் சாணி வழிக்கவும் முடியவில்லை. இரண்டு மாடுகளையும் கொடுத்துவிட்டோம். மாடு போய் ஒரு வருஷத்துக்குள் சிட்டுக்குருவியும் போய்விட்டது. நான் அதைக் கவனித்தது எப்படி என்றால், தொழுவத்தைப் பெருக்கும்போது எச்சமே இல்லை. எத்தனை நாளாக இல்லை என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. கொக்குகளும் வரவில்லை. கவுதாரிச் சத்தம் எப்போது நின்றது என்பதும் எனக்குத் தெரியாது. ஒருநாள் செல்போன் அலாரம் வைத்துவிட்டுப் படுத்தபோதுதான், இப்போதெல்லாம் கவுதாரி கத்துவதில்லையே என்று நினைப்பு வந்தது.

மயில்கள் மட்டும் கூடிக்கொண்டே வந்தன. மூன்று ஒன்பதாகி, ஒன்பது முப்பதாகி, அதற்குமேல் நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். கண்மாய்க்குள் சீமைக்கருவேல் மண்டிவிட்டது, அதனால்தான் என்பார்கள். நரி இல்லாமல் போனதால் முட்டையைத் தின்ன ஆளில்லை என்பார்கள். முன்னே வலை வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் கேசுக்குப் பயந்து வருவதில்லை என்பார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாமே உண்மையாக இருக்கலாம்.

முதல் மழைக்காலத்தில் நாங்கள் மக்காச்சோளம் போட்டோம். புரட்டாசிக் கடைசியில் விதைத்து, ஒரு நல்ல மழையும் பெய்து, வரிவரியாக முளை வந்தது. மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் கிழக்குப் பக்கம் வெறும் கரிசல் மண்தான் இருந்தது. மயில் குருத்தைத் தின்பதில்லை. அதைப் பிடித்து இழுத்து, அடியில் ஊறிப் பருத்திருக்கும் விதையை மட்டும் தின்றுவிட்டுக் குருத்தைப் போட்டுவிட்டுப் போகிறது. வரி நெடுக வாடின குருத்துகள் கிடந்தன. யாரோ பொறுமையாக உட்கார்ந்து களை எடுத்த மாதிரி இருந்தது.

மறுபடியும் விதைத்தோம். இந்தத் தடவை சும்மா விடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போய் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தார். நம் சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதுவே திரும்பத் திரும்பக் கத்தும்.

"நீ பால்வாடியில போடுற சத்தத்துக்குப் பிள்ளைக எல்லாம் கப்சிப்புன்னு இருக்கும்ல. உன் குரலையே பிடிச்சுப் போடுவோம்" என்றார்.

நான் நடுப்புஞ்சையில் நின்று, "ஏய்... ஓ... போ, போ" என்று கத்தினேன். நடுவில் இருமல் வந்துவிட்டது. மறுபடி பிடிக்கலாம் என்றால், அதற்குள் அவருக்கு முதுகு வலிக்கத் தொடங்கியிருந்தது. அப்படியே விட்டுவிட்டார். அன்றிலிருந்து விடியக்காலை தொடங்கி பொழுது சாயும்வரை என் சத்தமும் என் இருமலும் புஞ்சைக்காட்டில் கேட்டுக்கொண்டே இருந்தன. சோறு வடிக்கும்போது நான் கத்தினேன். குளிக்கும்போது நான் இருமினேன். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பால்வாடியில் ஒரு குழந்தை எழுந்து நின்று, "ஏய், ஓ, போ, போ" என்று சொல்லிவிட்டு அச்சாக என்னை மாதிரியே இருமியது. மற்றவையெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

பத்துப் பன்னிரண்டு நாள் மயில்கள் வரவில்லை. அப்புறம் ஒன்று வந்து, ஸ்பீக்கரைக் கட்டியிருந்த கம்பத்தின் உச்சியில், அதற்கு மேலேயே உட்கார்ந்தது.

அதைக் கண்டு அதிகமாகச் சிரித்தது என் கொழுந்தன்தான். வரப்பில் நின்றுகொண்டு, "மதினி, உங்க சத்தத்துக்கு எங்க அண்ணனே பயப்படல. மயிலா பயப்படப்போகுது?" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் அப்படிப்பட்ட ஆள். கலியாணமாகி நான் இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். முதல் பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவன்தான். வீட்டுக்காரர் அப்போது லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே எங்கோ இருந்தார்.

இரண்டாம் மழைக்காலத்தில் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு நாங்களே காவல் இருந்தோம். வீட்டில் இருந்த பழைய சேலைகளையெல்லாம் கம்பு ஊன்றிச் சுற்றிலும் கட்டினோம். மகள் வயதுக்கு வந்தபோது எடுத்த சேலைகூட அதில் நின்றது. காலையில் ஐந்தரைக்கு ஒரு தகரத்தட்டும் குச்சியுமாக நான் போய் உட்காருவேன். எட்டரைக்கு அவர் வந்து மாற்றிவிடுவார். நான் குளித்துவிட்டுப் பால்வாடிக்கு ஓடுவேன். சாயங்காலம் நாலு மணிக்கு வந்ததும் மறுபடி நான். வெயில் தாழ்ந்தால்தான் அவை அதிகமாக இறங்கும். மேற்கே விரட்டினால் கிழக்கே இறங்கும். கிழக்கே போனால் நடுவில். மயில் பறந்து தப்பிக்காது, நடந்துதான் போகும். நமக்கு அவசரம், அதற்கு இல்லை.

கரிசல் மண் மழையில் காலைப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு அடிக்கும் செருப்போடு ஒரு கிலோ மண் வரும். எனக்கு முழங்கால் வீங்கியது. அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தட்டினால், உட்கார்ந்திருக்கும் ஆள் எழமாட்டார் என்று மயிலுக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, விசேஷ வீடு கிடையாது. என் தங்கை மகள் கலியாணத்துக்கு நான் முகூர்த்தத்துக்கு மட்டும் போய்விட்டுச் சாப்பிடாமல் திரும்பினேன்.

அந்த அலுப்பில் எங்களுக்குள் சண்டை வந்தது.

"உன்னாலதான் எல்லாம். கம்பப் போட்டுப் பழக்குனது யாரு?" என்று அவர் கேட்டார்.

"அவுக வந்துட்டாக, இவுக வந்துட்டாகன்னு மரியாதை குடுத்தது யாரு?" என்று நான் கேட்டேன்.

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. தட்டையும் குச்சியையும் மட்டும் கைமாற்றிக்கொண்டோம்.

ஒரு சாயங்காலம் நான் கல்லை விட்டெறிந்தேன். அடிக்க வேண்டும் என்றே எறிந்தேன். தாய் மயிலின் பின்னால் போய்க்கொண்டிருந்த ஒரு குஞ்சின் மேல் பட்டது. அது புரண்டு எழுந்து ஒரு காலை இழுத்துக்கொண்டே தாய்க்குப் பின்னால் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பாவமாக இல்லை. முப்பது வருஷம் பச்சைப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். எனக்குப் பாவமாக இல்லையே என்பது மட்டும் உறுத்தியது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது வருஷம் கொழுந்தன், பக்கத்து நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்து எல்லாவற்றிலும் மக்காச்சோளம் போட்டான். மழை தள்ளிப்போனது. முதல் விதைப்பு மண்ணுக்குள்ளேயே காய்ந்தது. இரண்டாவது விதைப்பு முளைத்து வந்ததும் மயிலுக்குப் போனது. மூன்றாவது தடவை அவன் விதைத்தபோது பேச்சில் சிரிப்பு இல்லை. அவன் பெண்டாட்டிக்கு டவுனில் ஜவுளிக்கடை வேலை, காலை பஸ்ஸில் போனால் ராத்திரிதான் வருவாள். காவலுக்கு அவன் ஒருத்தன்தான். அத்தனை நிலத்தை ஒரு ஆள் சுற்றிவர முடியாது.

ஒருநாள் வரப்பில் வந்து உட்கார்ந்தான். நான் தட்டைத் தட்டுவதை நிறுத்தினேன்.

"பாரஸ்ட் ஆபீஸ்ல மனு குடுத்துருக்கேன் மதினி. பாப்போம்னு சொல்லிருக்காக."

"பாக்கட்டும்."

"பிடிச்சாலும் குத்தம், அடிச்சாலும் குத்தம். நான் என்ன, இதுகளுக்குச் சமைச்சுப் போடவா விதைக்கிறேன்?"

"எல்லாருக்கும் அப்படித்தானப்பா இருக்கு."

"எல்லாருக்கும் இருக்குன்னா எனக்கு வயிறு நெறஞ்சுருமா மதினி?"

நான் குச்சியைக் கையில் எடுத்தேன். அவன் எழுந்து போய்விட்டான்.

அதற்கு நாலு நாள் கழித்து, விடிகிற நேரம். நான் வழக்கம்போல் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். கொழுந்தன் தன் பக்கத்து வரப்பில் குனிந்து குனிந்து எதையோ போட்டுக்கொண்டு போவது தெரிந்தது. விதைப்பு அன்றைக்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். கையில் பாலித்தீன் உறை மாட்டியிருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பின்னால் எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. புரிந்தது.

அவன் சுற்றி முடித்துவிட்டு என் பக்கமாக வந்தான். தள்ளியே நின்றான்.

"மதினி, இன்னைக்கு உங்க கோழிகள அவுத்து விடாதீக."

"சரி" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. நான் எழுந்து வந்து கோழிகளைப் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்தேன். வீட்டுக்காரர் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார். இன்றைக்குக் காவலுக்குப் போக வேண்டாம், முதுகு வலி கூடியிருக்கிறது, படுத்திருங்கள் என்றேன். அவர் சந்தோஷமாகவே படுத்தார். நான் குளித்து, சேலை மாற்றி, பால்வாடிக்குப் போனேன். பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக் கொடுத்த நாள் அது. ஒவ்வொன்றாக ஓடு உரித்துக்கொண்டே இருந்தேன். ஓர் உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன் என்று உதவியாளம்மா தொட்டுக் கூப்பிட்டார்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். காட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

சேலை வேலியில் ஒரு சேவல் மயில் கழுத்து மாட்டிய மாதிரி தொங்கிக் கிடந்தது. முருங்கை மரத்தடியில் மூன்று பெட்டைகள். வரப்போரமாக இன்னும் சில. சாகும் முன் தண்ணீர் தேடியிருக்கும் போல, எங்கள் தொட்டிக்கு அடியில் மட்டும் நாலு கிடந்தன. மயில் மட்டும் இல்லை. மைனாக்கள் கிடந்தன, மணிப்புறாக்கள் கிடந்தன. வேம்படியில் ஒரு காக்கை சிறகை விரித்துக் குப்புறக் கிடந்தது. அதனுடைய ஜோடி மேலே கிளைக்குக் கிளை மாறிக் கத்திக்கொண்டிருந்தது.

ஓடைப்பக்கம் போன என் வீட்டுக்காரர் அங்கிருந்து கூப்பிட்டார். கருவேலம்புதரின் ஓரத்தில் ஐந்து கவுதாரிகள். இரண்டு பெரியவை, மூன்று இளசு. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கூட்டமாகத் தூங்குகிற மாதிரி.

"எங்கருந்து வந்துச்சுக இதுக? நம்ம காட்டுலயா இருந்துச்சுக இத்தன நாளா?" என்று கேட்டார்.

எனக்கும் அதேதான் தோன்றியது. கவுதாரி இல்லாமல் போய்விட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவை இருந்திருக்கின்றன. குஞ்சும் பொரித்திருக்கின்றன. தகரத்தைத் தட்டித் தட்டி எனக்குத்தான் காது போயிருந்தது. அவை இருந்ததைச் செத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "காலையில கோழிய ஏன் அடைச்சே?"

சொன்னேன். அவர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீக?"

போய்த் தம்பியைச் சத்தம் போட்டிருப்பாரா, அல்லது அவரும் சரி என்று படுத்திருப்பாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

யாரோ ரோட்டிலிருந்து படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் வனத்துறை ஜீப் வந்தது. கால்நடை டாக்டரும் வந்தார். செத்த மயில்களை வரிசையாகக் கிடத்தி எழுதிக்கொண்டார்கள். கவுதாரிகளையும் காக்கையையும் தனியாக வைத்தார்கள். ஊரே ரோட்டில் நின்றது. கொழுந்தனும் வந்து எங்கள் வாசலில், அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் பெண்டாட்டி அன்று கடைக்குப் போகவில்லை.

விசாரித்த அதிகாரி ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்கதான் தினமும் காலையில காவலுக்கு உக்காருவீங்கன்னு சொன்னாங்கம்மா. நேத்து யாரையாவது பாத்தீங்களா?"

"நேத்து நான் ரொம்ப நேரம் இருக்கல. கோழிய அடைச்சுட்டு வேலைக்குக் கிளம்பிட்டேன்."

அவர் பேனாவை நிறுத்தினார். "கோழிய ஏம்மா அடைச்சீங்க?"

கீரி வருது என்று சொல்லியிருக்கலாம். பருந்து தூக்கிட்டுப் போகுது என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் காரணம் இப்போது தோன்றுகிறது. அப்போது ஒன்றும் வரவில்லை. நான் நிமிர்ந்து கொழுந்தனைப் பார்க்கக்கூடாது என்று தரையையே பார்த்தேன்.

"அவுகளக் கேக்காதீக" என்று கொழுந்தன் சொன்னது கேட்டது. "நான்தான் விஷத்தக் கலந்து வச்சேன். மூணு தடவ விதைச்சேன் மேடம். மூணு தடவ. மயிலுக்குன்னுதான் வச்சேன். மத்ததுக செத்ததுக்கு என்ன செய்யச் சொல்றீக?"

அவன் பெண்டாட்டி, "ஐயோ, பேசாம இருங்க" என்று கையைப் பிடித்தாள். அவன் உதறிவிட்டு ஜீப் நின்ற இடத்துக்குத் தானாகவே நடந்தான். செருப்பு இல்லை. என் வீட்டுக்காரர் தன் செருப்பைக் கழற்றிக்கொண்டு முதுகைப் பிடித்தபடி பின்னால் ஓடினார். அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் ஜீப்பில் ஏறினான்.

ஜாமீன் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. என் வீட்டுக்காரர் வக்கீலைப் பார்க்கவும் கோர்ட்டுக்கும் பஸ்ஸில் போய்ப் போய் வந்தார். வந்த நாளெல்லாம் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். முதல் வாரத்தில் நான் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கோழிய அடைச்சேன்னு எதுக்குக்கா சொன்னீக?"

"வாயில வந்துருச்சு."

"இத்தன வருஷமா ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பேசக் கத்துக் குடுக்குறீக. உங்களுக்குப் பேசத் தெரியலையா?"

தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது கழுவிக் கவிழ்த்து எங்கள் வரப்பில் இருந்தது. குழம்பைச் சாப்பிட்டார்களா கொட்டினார்களா தெரியாது.

நான் வேண்டுமென்று சொன்னேனா என்று அவளுக்கும் சந்தேகம், எனக்கும் சந்தேகம். வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து கவுதாரிகளையும் பார்த்த பிறகு, மறைக்க வேண்டும் என்ற நினைப்பு எனக்குள் கெட்டியாக இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து அவளிடம் சொல்ல முடியாது. அவள் வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்தது.

கொழுந்தனுடைய மூன்றாவது விதைப்பு இதற்குள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மழை அதன்பின் நன்றாகவே பெய்தது. மயில்கள் பத்து நாள் காணவில்லை. பிறகு ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டாக வந்தன. நான் எங்கள் பக்கத்தை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரும் நாற்காலியை அங்கே போட்டார். எங்களுடையதை மயில் தின்றால் தின்னட்டும் என்றுதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தட்டிக்கொண்டிருக்கும்போது காட்டின் அந்தக் கோடியிலிருந்தும் சத்தம் கேட்டது. கொழுந்தன் பெண்டாட்டி ஒரு பழைய சட்டியும் கரண்டியுமாக நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நான் தட்டுவேன், நிறுத்துவேன். அவள் தட்டுவாள், நிறுத்துவாள். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் இரண்டு கோடியில் நின்று ஒரு வார்த்தை இல்லாமல் தட்டினோம். அதன்பிறகு அவளுக்கு லீவு கிடைத்த நாளிலெல்லாம் அப்படித்தான்.

அவன் திரும்பி வந்த அன்று என் வீட்டுக்காரர்தான் பஸ்ஸில் கூட்டிவந்தார். ஆள் இளைத்திருந்தான். முதலில் காட்டுக்குத்தான் போனான். கதிர் பிடிக்கிற பருவம். பாதிக்கு மேல் நின்றது. ஒரு மக்காச்சோளத் தண்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"என்ன மதினி, கோழியெல்லாம் நல்லா இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

அவன் போய்விட்டான். குத்திக் கேட்டானா, சும்மா கேட்டானா என்று நானும் என் வீட்டுக்காரரும் பல நாள் பேசினோம். அவர் சும்மாதான் என்பார். எனக்கு அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த அறுவடைக்குப் பிறகு அவன் விவசாயத்தை விட்டுவிட்டான். குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்தான். இப்போது பாலவனத்தம் பக்கம் ஒரு மில்லுக்கு வேனில் போய் வருகிறான். கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தா அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போவான், அண்ணன் கூடப் போவார். அவன் நிலம் தரிசாகக் கிடக்கிறது. போன வருஷம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்த சீமைக்கருவேல் இந்த வருஷம் ஆள் உயரம். அதற்குள் மயில் முட்டையிட்டு, குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வெளியே வருவதை எங்கள் வாசலிலிருந்தே பார்க்கிறேன். பழையபடி ஆகிவிட்டன, ஒருவேளை அதைவிடக் கூடுதலாகவே.

கொழுந்தன் பெண்டாட்டி இப்போது பேசுகிறாள். கரண்டு இருக்கா, பஸ்ஸு போயிருச்சா என்கிற அளவுக்கு. வேம்பில் ஒற்றைக் காக்கை கொஞ்ச நாள் இருந்தது, அப்புறம் அதையும் காணோம். அமாவாசைக்கு மதில்மேல் வைக்கிற சோற்றை இப்போது மயில்தான் எடுக்கிறது. என் மனசு கேட்கவில்லை. என் வீட்டுக்காரர், "யாரு எடுத்தா என்ன, போய்ச் சேந்தாச் சரி" என்கிறார். அவர் இப்போது மயிலை 'அவுக' என்றும் சொல்வதில்லை, 'அது' என்றும் சொல்வதில்லை. "வந்துருச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் பருத்தி போட்டிருக்கிறோம். பருத்தியை மயில் அவ்வளவாகத் தொடுவதில்லை. காவல் தேவையில்லை. ஓடைக்கரைப் பக்கம் சில நாள் சும்மா போய் நிற்கிறேன். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து சருகைப் புரட்டிக்கொண்டு எப்போதும் சளசளக்கின்றன. இரட்டைவால் கரிச்சான் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. கவுதாரி கேட்கவில்லை. இல்லை என்று சொல்லவும் எனக்கு இனி வாய் வராது. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உடம்பு மட்டும் பழக்கத்தை விடவில்லை. இன்று காலையும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. ஐப்பசி மழை ராத்திரி பெய்து ஓய்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் ஒன்று அகவியது. காட்டுக்குள்ளிருந்து நாலைந்து பதில் குரல் வந்தன. காலைத் தரையில் ஊன்றி எழப்போனேன்.

"படு. பருத்திதான போட்டுருக்கு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

முழங்கால் வலித்தது. போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவை கத்திக்கொண்டேயிருந்தன.